விண்ணப்பத்தின் மூன்றாவது வரி

விண்ணப்பத்தில் முதல் வரி பெயர். இரண்டாவது வரி பிறந்த தேதி. மூன்றாவது வரி தந்தை பெயர்.

முதல் இரண்டையும் நிரப்பிவிட்டுப் பேனாவை மூடினேன்.

"ஏன்டி நிறுத்திட்ட? மை தீந்துருச்சா?" என்றாள் சபுரா.

"இல்ல. மிச்சத்த வீட்ல போய் எழுதிக்கிறேன்."

"அப்பா பேர எழுத வீட்டுக்குப் போகணுமாக்கும்? எங்க அத்தா பேர வேணா எழுதிக்க. சும்மாதான் கெடக்கு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். சபுராவும் நானும் பி.எஸ்ஸி. இயற்பியலில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் அத்தா உமர் பாரூக்குக்குத் தெற்கு வாசல் பக்கம் கைலிக்கடை. கடைக்கு மேலே மாடி அறையில் கைலிக் கட்டுகளுக்கு நடுவே பாயை விரித்து நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். எண்பத்து நாலாம் வருடம் மே மாதம். அந்த வருடம் சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை அவனியாபுரம் பஸ்ஸில் வரும்போது விண்ணப்பத்தை மடியில் வைத்திருந்தேன். காற்றில் அது பறந்துவிடாமல் மூன்றாவது வரியின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

என் அப்பா பெயர் மொக்கையன். எனக்கு நாலு வயதில், செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊரில், கிணறு ஆழப்படுத்தும்போது மண் சரிந்து இறந்துபோனார். அப்பாவின் அண்ணன் நல்லகாமன் அடுத்த மாதமே அம்மாவை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அவனியாபுரத்துக்கு, தன் அண்ணன் காசிமாயனிடம் வந்தாள். மாமாவுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தது மாமாதான்.

அந்தக் கதையை மாமா அடிக்கடி சொல்வார். சிலேட்டு வாங்கி, தேங்காய் உடைத்து, தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வாத்தியார் நோட்டைத் திறந்து தகப்பன் பெயர் கேட்டிருக்கிறார்.

"புள்ளைக்கு மொத எழுத்தே செத்தவன் பேராவா இருக்கணும்? எனக்கு மனசு வரல. எம் பேரப் போடுங்க சார்னுட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேக்க ஒரு ஆளு வேணும்ல?" என்பார் மாமா. சொல்லி முடித்ததும் என் தலையில் கை வைப்பார். "என்ன மருமகளே, சரிதானே?"

எங்களில் அது பெரிய விஷயமில்லை. தாய்மாமன் காது குத்துகிறான், சீர் செய்கிறான், பெயரும் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து பள்ளிக்கூட நோட்டில் நான் காசிமாயன் மகள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்படி. டிகிரியில் அப்படி. வீட்டில் அவருக்கு மருமகள். யாரும் இதில் எதையும் குழப்பிக்கொண்டதில்லை.

கோர்ட்டில் மட்டும் நான் மொக்கையன் மகள்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் மாமா வக்கீல் வைத்து என் பேரிலும் அம்மா பேரிலும் வழக்குப் போட்டார். அப்பாவின் பங்கு ஒன்றரை ஏக்கரும் கிணற்றில் பாதியும். பெரியப்பா நல்லகாமன் பதில் மனுவில் இரண்டு விஷயம் சொன்னார். மொக்கையனும் ரெங்கம்மாளும் அவன் சாவதற்கு முன்பே ஊர் முன்னால் துரும்பு கிள்ளிப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள், எனவே அவளுக்குப் பங்கு கிடையாது. அவள் மடியிலிருந்த பிள்ளை மொக்கையனுடையதும் இல்லை.

முதலாவது உண்மையா பொய்யா என்று சாட்சிகளைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவருக்குச் சாட்சி. ஆனால் பிரிந்திருந்தாலும் பிள்ளைக்குப் பங்கு உண்டு. ஆகவே வழக்கு முழுவதும் நான் யார் மகள் என்பதில் வந்து நின்றது. நான் பிறந்ததை யாரும் எங்கும் பதியவில்லை.

மூன்று வருடமாக வாய்தாவுக்கு அம்மாவுடன் நானும் போனேன். நீதிபதியும் வக்கீல்களும் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். ஐந்து நிமிடம். வெளியே வந்ததும் அம்மா கேட்பாள்.

"என்னத்தா சொன்னாங்க?"

எனக்குப் பாதி புரிந்திருக்கும். "அடுத்த மாசமாம்" என்பேன்.

அந்த மீதிப் பாதி என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் படிக்க நினைத்தேன். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். கல்லூரியில் செய்முறைத் தேர்வில் பதில் தெரிந்தும் பேசாமல் நின்று மார்க்கை விட்டவள். சட்டம் படிக்கப்போகிறேன் என்றதும் சபுரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஜட்ஜு என்ன கேட்டாலும் எழுதிக் குடுப்பியா? கனம் கோர்ட்டார் அவர்களேன்னு ஒரு இன்லேண்டு லெட்டரு?"

ஆனால் மறுநாளே அவளும் ஒரு விண்ணப்பம் வாங்கினாள்.

விண்ணப்பத்தோடு பஸ்ஸில் வந்த அன்று மாலை வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து மூன்றாவது வரியில் மொக்கையன் என்று எழுதினேன். அந்தப் பெயரை என் கையால் ஒரு விண்ணப்பத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. சாதிச் சான்றிதழும் அதே பெயரில் வாங்கினேன். ஊர்க் கணக்கில் விசாரித்து எழுதியதால் அதில் மொக்கையன் என்றுதான் வந்தது. வழக்குக்கும் இது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

சபுராவும் நானும் புது மண்டபத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு வழிகாட்டி வாங்கினோம். ஏதோ வங்கித் தேர்வுக்கானது. எங்கள் தேர்வுக்கு என்று தனியாகப் புத்தகம் எதுவும் இல்லை. முன்பு வைத்திருந்தவன் பென்சிலால் விடைகளைக் குறித்திருந்தான். பாதி தப்பு. எது தப்பென்று கண்டுபிடிப்பதே எங்களுக்குப் பயிற்சியாக இருந்தது.

இங்கிலீஷ் பத்திகளை நான் சத்தமில்லாமல் படிப்பேன். சபுரா சத்தமாகப் படிப்பாள். கீழே கடையிலிருந்து அவள் அத்தா கூப்பிடுவார்.

"சபுரா, யாவாரம் நடக்குது. மெதுவா ஓது."

"ஓதல அத்தா, படிக்கிறேன்!"

"ரெண்டும் ஒண்ணுதேன். மெதுவா."

உறவுமுறைக் கணக்குகள் என்று ஒரு பகுதி இருந்தது. ஒரு படத்தைக் காட்டி ஒரு பெண் சொல்கிறாள்: 'இவருடைய அம்மாவின் ஒரே மகள் என் தாய்.' படத்தில் இருப்பவர் அவளுக்கு என்ன உறவு?

"தாய்மாமன்" என்றேன்.

"உங்க ஆளுகளுக்கு இந்தக் கேள்வியே குடுக்கக் கூடாதுடி" என்றாள் சபுரா. "மாமனும் ஆகலாம், மாப்பிள்ளையும் ஆகலாம். ரெண்டுக்கும் மார்க்கு போடணும்."

'அப்பாவும் ஆகலாம்' என்று நினைத்தேன்.

ஜூன் கடைசியில் தேர்வு. கூடத்தில் நூறு பேர் இருந்தால் பெண்கள் எட்டுப் பேர். மின்விசிறி சுற்றச் சுற்றத் தாள் பறந்தது, மண்ணெண்ணெய்ப் பாட்டில் மூடியைப் போட்டு அமுக்கிக்கொண்டேன். அதை எதற்குக் கொண்டுபோனேன் என்று நினைவில்லை. பையில் கிடந்திருக்கும். உறவுமுறைக் கேள்விகள் நாலு வந்தன. நாலும் சரியாகப் போட்டேன்.

ஜூலையில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் அதில் இருந்தது. சபுராவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது.

"எனக்கு முன்னால ஒருத்தந்தான்" என்றாள். "பட்டியல்ல இருக்கவனுகள்ல ரெண்டு பேரு, ஒரே ரெண்டு பேரு, கால ஒடச்சுக்கக் கூடாதா? நீ துஆ செய்யி. உனக்குத்தேன் சத்தமில்லாம கேக்கத் தெரியும்."

அன்று அம்மா மாமாவிடம் சொன்னாள். "அண்ணே, இந்த வருசம் சேந்துட்டா படிக்கட்டும். இல்லேன்னா தையில கல்யாணத்த முடிச்சிருவோம். சும்மா உக்கார வச்சிருக்க முடியாது."

மாமா தலையாட்டினார். திருமங்கலத்தில் ஒரு மின்வாரிய ஊழியர் வீட்டில் ஏற்கனவே பேச்சைத் தொடங்கியிருந்தார்கள்.

அசல் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"என்னம்மா, உனக்கு ரெண்டு அப்பாவா?"

பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அவர் கெட்டவர் இல்லை. சிரிப்பு அடங்கியதும் தணிந்து பேசினார். "இங்க பாரு. அப்ளிகேசன்ல மொக்கையன். சாதிச் சான்றிதழ்ல மொக்கையன். படிப்பு சர்ட்டிபிகேட் எல்லாத்துலயும் காசிமாயன். ரெண்டும் ஒத்துப்போகணும். பள்ளிக்கூட ரெக்கார்டத் திருத்தணும்னா மனுப் போட்டு, கெஜட்ல வந்து, எட்டு மாசம் பத்து மாசம் ஆகும். அடுத்த வருசம் மறுபடி பரிச்ச எழுதலாம்."

மேசையில் கிடந்த சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கினேன்.

"இல்லேன்னா ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் குடு. நோட்டரி கையெழுத்தோட. நான் காசிமாயன் மகள், மொக்கையன்னு வந்தது பிழைன்னு. புது அப்ளிகேசன் தாரேன், அதையும் அப்படியே எழுது. உன் கைப்பட இருக்கணும். பத்து நாள் டயம். இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவோம்."

அடுத்த ஆளுக்கு அடுத்த ஆள் சபுரா.

கோர்ட் வளாகத்தில் எங்கள் வக்கீலின் குமாஸ்தா முத்திருளன் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருப்பார். இரண்டு தாள்களையும் அவரிடம் காட்டினேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாப்பா, இதுல கையெழுத்துப் போட்டுறாத."

"ஏன்?"

"அஞ்சு வயசுல உங்க மாமன் வாய்க்கு வந்த பேரச் சொல்லிட்டாரு. அது பள்ளிக்கூடத்து நோட்டுல ஏறிருச்சு. அத நம்ம வக்கீல் சமாளிச்சுருவாரு, உங்க மாமனையே கூண்டுல ஏத்திச் சொல்ல வப்பாரு. ஆனா இருவத்தியொரு வயசுல, டிகிரி படிச்ச புள்ள, உன் கைப்பட, அவருதான் அப்பன், மொக்கையன்ங்கிறது பிழைன்னு எழுதிக் குடுத்தா? அதுக்கு மேல கேசுல என்னா இருக்கு? நல்லகாமன் மாலை போட்டு வாங்கிட்டுப் போயிருவான்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே புரிந்தது. முத்திருளன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாமலும் போகலாம்" என்றார். "ஆனா எழுதினது இருக்கும்ல. பேப்பரு எங்கயும் போகாது. பேரத் திருத்த மனுப் போடுவோம். ஒரு வருசந்தான. அடுத்த வருசம் பரிச்ச எழுது. அப்ப மொக்கையன் மகளாவே போயி உக்காரு."

"சரி" என்றேன்.

"போட மாட்டேல்ல?"

"இல்ல."

மேசைகளின் வரிசை நீளமானது. பாதி தூரம் நடந்தேன். அடுத்த வருடம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட எதுவும் வந்ததில்லை. நிலம் அடுத்த வருடம் வரும் என்று மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். தை மாதம் மட்டும் தவறாமல் வரும். திருமங்கலத்தில் ஒரு வீட்டில் நான் சமைத்துக்கொண்டிருப்பேன். அங்கே யார் என்னைப் பரீட்சை எழுத விடுவார்கள்? இப்படி எல்லாம் நினைத்தேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் மாமாவிடம் ஒரு வருடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். நான்தான் வாயைத் திறந்து சொல்லவேண்டியிருந்தது.

கடைசி மேசையில் ஒரு டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாத ஆள். அவர் டைப் அடிக்க வந்தபோது, கைப்பட வேண்டும் என்று சொல்லி, அவர் சொல்லச் சொல்ல நானே பத்திரத்தாளில் எழுதினேன். 'அவனியாபுரம் காசிமாயன் மகள் சோலையம்மாள் ஆகிய நான் உறுதிகூறி எழுதிக் கொடுப்பது. என் சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் மொக்கையன் என வந்திருப்பது பிழை. மேற்படி மொக்கையன் என்பவர் என் தந்தை அல்ல. இதில் கண்டவை யாவும் உண்மை.'

"மேற்படி மொக்கையன் யாரும்மா? சொந்தமா?" என்று கேட்டார் அவர்.

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

என் எழுத்து அன்று மிகவும் ஒழுங்காக இருந்தது.

புது விண்ணப்பத்தில் தந்தை அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டியிருந்தது. மாமா பட்டறையிலிருந்து வந்து கை கழுவியதும் நீட்டினேன். விரலில் வார்னிஷ் இருக்கிறதென்று சட்டையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு போட்டார். அவருக்கு எழுத வருவது அந்த ஒரு கையெழுத்துதான்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுல யாரு பேரு போட்டுருக்கு?"

"மாமா பேரு."

"எப்பயும் போடுறதுதானே."

"ஆமா."

அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாத பெண் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. பட்டியலில் ஒரு பையன் வேலை கிடைத்துப் போய்விட்டான். சபுராவுக்கு முன்னால் இருந்தவனைக் கூப்பிட்டார்கள். சபுரா முதலாவதாக நின்றாள். அதோடு சேர்க்கை முடிந்தது.

"ஒருத்தன். ஒரே ஒருத்தன் போயிருந்தாப் போதும்" என்றாள். "சரி விடு. நீயாவது போ. போயி எங்க அத்தா மேல ஏதாவது ஒரு கேசப் போடு, மெதுவா ஓதச் சொன்னதுக்கு."

மார்கழியில் கம்பத்தில் அவளுக்கு நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளைக்கு ஏலக்காய் வியாபாரம். பத்திரம் எழுதிக் கொடுத்ததை அவளிடமும் நான் சொல்லவில்லை.

முத்திருளன் பெயர் திருத்த மனுவுக்குத் தாள் தயார் செய்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். வகுப்பு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு முறை. மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. கல்லூரியில் எப்படிச் சேர்ந்தாய் என்று ஒருநாள் கேட்டார். "சமாளிச்சுட்டேன்" என்றேன்.

இரண்டாம் வருடத்தில் சாட்சியச் சட்டம் எடுக்க வக்கீல் வெள்ளைத்துரை வந்தார். காலையில் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு அங்கிருந்தே கோர்ட்டுக்குப் போவார். நல்ல ஆசிரியர். புத்தகத்தைத் திறக்காமல் பாடம் சொல்வார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஒருவன் தெரிந்தே ஒன்றை எழுதிக் கொடுத்து, அதை வைத்துப் பயனும் அடைந்த பிறகு, அது அப்படியில்லை என்று மறுக்க வந்தால் சட்டம் அவனை எப்படிப் பார்க்கும் என்று ஒருநாள் பாடம். அதையும் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் நல்லகாமன் தன் வக்கீலை மாற்றினார்.

வாய்தா அன்று அம்மாவுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா பக்கத்திலிருந்து வெள்ளைத்துரை எழுந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பார்வை தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கையிலிருந்த கட்டைப் புரட்டி வாதி பெயரைப் படித்தார்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"நீ எந்த ஊரும்மா?"

"அவனியாபுரம் சார்."

"பூர்வீகம்?"

"அதான் சார்."

"அப்பா பேரு காசிமாயன். இல்லையா? ரிஜிஸ்டர்ல பாத்தேன்."

தலையாட்டினேன். அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டவர் மாதிரிகூட இருந்தார். "சரிம்மா. நல்லா நோட்ஸ் எடுக்கற" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் கட்சிக்காரருக்கு அவர் செய்யவேண்டியதை அவர் செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவரே சொல்லிக் கொடுத்ததுதான். கோர்ட் மூலம் மனுச் செய்து கல்லூரியிலிருந்து என் விண்ணப்பத்தையும் பத்திரத்தையும் வரவழைத்தார்.

மாசி மாதம் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டார். பெயர், வயது, தகப்பனார் பெயர். மொக்கையன் என்றேன். நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மாமா பெயர் ஏன் வந்தது என்று அவர் கேட்க, சிலேட்டு, தேங்காய், செத்தவன் பேரு எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி தலையசைத்துக் கேட்டார். பெஞ்சில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வெள்ளைத்துரை எழுந்தார். ஒரு தாளை என் பக்கம் நீட்டினார்.

"இதுல இருக்கற எழுத்து யார் எழுத்து?"

"என் எழுத்து."

"கையெழுத்து?"

"என்னுது."

"எழுதும்போது உங்களுக்கு வயசு இருவத்தொண்ணு. டிகிரி முடிச்சிருக்கீங்க. சரியா?"

"சரி."

தாளில் இருந்ததை மெதுவாக வாசித்தார். தமிழில்தான் வாசித்தார். மேற்படி மொக்கையன் என்பவர் என் தந்தை அல்ல என்ற இடத்தில் அவர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"இது உண்மையா, பொய்யா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என்று சொல்லலாம். பொய்யாக எழுதிக் கொடுத்தேன், சீட்டுக்காக எழுதினேன், நான் மொக்கையன் மகள்தான். அப்படிச் சொன்னால் வழக்கில் இன்னும் உயிர் இருக்கும். பொய் உறுதிமொழி கொடுத்துச் சேர்ந்தவள் என்று நானே கோர்ட்டில் சொன்னதாகப் பதிவாகும். மறுநாள் கல்லூரியில் என் பெயரை அடிப்பார்கள். உண்மை என்று சொன்னால் கல்லூரி நிலைக்கும். அப்பாவும் நிலமும் அந்த இடத்திலேயே போய்விடும்.

கோர்ட் டைப்பிஸ்ட் விரலை எழுத்துக்கட்டைகளின் மேல் வைத்துக் காத்திருந்தான்.

"சொல்லும்மா. பயப்படாத" என்றார் நீதிபதி.

நான் கூண்டின் கட்டையைப் பார்த்தேன். யாரோ அதில் நகத்தால் கீறி வைத்திருந்தார்கள்.

"இன்னொரு தரம் கேக்கறேன்" என்றார் வெள்ளைத்துரை. "உண்மையா, பொய்யா?"

எனக்கு வாய் வரவில்லை என்றுதான் அங்கிருந்த எல்லோரும் நினைத்தார்கள். அது எனக்குத் தெரியும். வாய் வராமல் நின்றதாக நானும் இன்றுவரை சொல்லிக்கொள்ள முயல்கிறேன். செய்முறைத் தேர்வில் நின்ற மாதிரி நின்றேன். அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது, எங்கே கை வைப்பது, எங்கே பார்ப்பது என்று எல்லாம் தெரியும்.

நீதிபதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். இங்கிலீஷில் சொன்னார். இந்த முறை எனக்கு முழுவதும் புரிந்தது. சாட்சி பதில் சொல்லவில்லை.

எங்கள் வக்கீல் எழுந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சித்திரையில் வழக்கைத் தள்ளினார்கள். மகள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரி.

ஆனால் நான் கூண்டில் நின்ற அன்று அம்மாவுக்கு அது எதுவும் தெரியாது. வெளியே வேப்பமரத்தடியில் முத்திருளன் நின்றார். அம்மா பையை எடுத்து வருவதற்குள் என்னிடம் கேட்டார்.

"எந்த மேச?"

"கடைசி."

அவர் மேசைகளின் வரிசை முடியும் இடத்தைப் பார்த்தார். அம்மா வந்ததும் அவளிடம், "புள்ள மெரண்டுருச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசியதில்லை.

"சின்னதுலருந்தே அப்படித்தான்யா" என்றாள் அம்மா. "நாலு பேருக்கு முன்னாடி வாயே வராது. எப்பயும் போடுற மாமன் பேருதானே அதுலயும் இருந்துச்சு? அதுக்குப் போயி அந்த ஆளு பேப்பர நீட்டி நீட்டிக் கேட்டா சின்னப் புள்ள என்னா செய்யும்? ஆனா மொதல்ல சொன்னாள்ல, அவுக அப்பா பேர? ரெண்டு தரம் சொன்னாய்யா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு."

என் முகத்தை முந்தானையால் துடைத்தாள். வெயில்.

"நீ படிப்ப முடி ஆத்தா. கறுப்புக் கோட்டப் போட்டா வாய் தானா வரும்" என்றாள். எதிர்க்கடையில் ஒரு பன்னீர் சோடா உடைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். தான் வேண்டாம் என்றாள்.

வாங்கிக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.